தேவதைக் கதைப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஐரோப்பியத் தேவதைக் கதைப் புத்தகங்களில் வரும் படங்களைப் பற்றி நண்பர்கள், வரையப் பழகும் பிள்ளைகள், பழைய புத்தகம் சேர்ப்பவர்கள் எனப் பலரும் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எனக்குப் பிடித்த இடம் வந்தால் பதில் நீளும், மற்ற இடங்களில் ஓரிரு வரியோடு நகர்ந்துவிடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேவதைக் கதை என்கிறீர்கள். பாதிக் கதைகளில் தேவதையே இல்லையே?

உண்மைதான். ஓநாய் இருக்கிறது, மாற்றாந்தாய் இருக்கிறாள், பேசும் தவளை இருக்கிறது, தேவதையைத்தான் காணோம். பிரெஞ்சில், சிண்ட்ரெல்லா கதையை எழுதிய பெரோவின் காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 'மேர்ஷன்' என்றார்கள். நம் பாட்டி சொல்லும் கதை மாதிரி ஒரு பொதுப்பெயர். தமிழில் தேவதைக் கதை என்றே பழகிவிட்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன். இந்தப் பக்கத்தில் பெரோ, கிரிம், டென்மார்க்கின் ஆண்டர்சன், அப்புறம் ருஷ்ய, நார்வே நாட்டுப்புறக் கதைகளுக்கு வரைந்தவர்கள் எல்லாரும் வருவார்கள்.

இந்தக் கதைகள் முதலிலிருந்தே படத்தோடுதான் வந்தனவா?

இல்லை. கிரிம் சகோதரர்களின் முதல் தொகுதி 1812-இல் வந்தது. அதில் கதைப்படம் எதுவும் கிடையாது. குறிப்புகளும் ஆய்வுமாக, பண்டிதர்களுக்கான புத்தகம்போல இருந்தது. குழந்தை கையில் கொடுத்தால் கீழே போட்டுவிட்டுப் போயிருக்கும்.

திருப்பம் லண்டனில் நடந்தது. 1823-இல் எட்கர் டெய்லர் சில கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். அதற்கு ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் செப்புத்தகட்டில் அமிலம் வைத்து அரிக்கும் முறையில் படங்கள் செய்தார். அவர் அரசியல் கேலிச்சித்திரம் போட்டுப் பெயர் வாங்கியவர். அதனால் குட்டிச்சாத்தான்களும் குள்ளர்களும் அவர் கையில் துள்ளிக் குதித்தார்கள். புத்தகம் நன்றாக விற்றது. இதைப் பார்த்த கிரிம் சகோதரர்கள் 1825-இல் 50 கதைகளை மட்டும் பொறுக்கி ஒரு சின்னப் பதிப்பு போட்டார்கள். அதில் அவர்களுடைய தம்பி லுட்விக் எமில் வரைந்த 7 படங்கள் இருந்தன. கிரிம் கதை குழந்தைப் புத்தகமாக மாறியதில் ஒரு லண்டன் கேலிச்சித்திரக்காரருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆண்டர்சன் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 1835-இல் வந்த முதல் சிறு புத்தகம் படமில்லாதது. 1849-இல் வில்ஹெல்ம் பெடர்சன் என்ற டென்மார்க் கடற்படை அதிகாரி 125 படங்கள் வரைந்தார். அடக்கமான, வீட்டுக்குள் உட்கார்ந்து வரைந்த மாதிரியான படங்கள்.

குரூக்‌ஷாங்க் பிற்காலத்தில் கதைகளையே மாற்றினாராமே?

ஆமாம், வேடிக்கையான சங்கதி. இளமையில் நன்றாகக் குடித்தவர், பின்னால் தீவிர மதுவிலக்குப் பிரசாரகர் ஆனார். 1853 வாக்கில் 'தேவதை நூலகம்' என்று ஒரு வரிசை தொடங்கி, படம் மட்டுமல்ல, கதையையும் தானே திருத்தி எழுதினார். அவருடைய சிண்ட்ரெல்லாவில் திருமணத்துக்கு ராஜா மது ஊற்று ஓடவிட நினைக்கிறார். தேவதைப் பாட்டி குறுக்கே வந்து குடியின் கேடுகளைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறாள். கடைசியில் சாராயத்தையெல்லாம் குவித்துக் கொளுத்துகிறார்கள்.

அவருடைய பழைய நண்பர், நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸுக்கு இந்த வரிசையைப் பார்த்துக் கோபம் வந்துவிட்டது. 1853-இலேயே தன் பத்திரிகையில் இப்படிக் கதையைத் திருத்துவதைக் கிண்டலடித்து ஒரு கட்டுரை எழுதினார். ஆளாளுக்குத் தங்கள் கொள்கையைக் கதைக்குள் திணித்தால் என்ன மிஞ்சும் என்பது அவர் கேள்வி. என் வாக்கு டிக்கன்ஸுக்குத்தான். ஆனால் அந்தப் பதிப்பிலும் குரூக்‌ஷாங்கின் படங்கள் நன்றாகவே இருக்கின்றன. கை பிரசங்கம் செய்யவில்லை.

குஸ்தாவ் டோரேயின் சிவப்புக் குல்லாச் சிறுமி படத்தை எல்லாரும் காட்டுகிறார்களே, அதில் அப்படி என்ன?

அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு படியுங்கள். 1862 என்று தேதியிட்டு வந்த பெரோ கதைகளின் பெரிய பதிப்புக்காக டோரே வரைந்தது. ஒரே கட்டிலில் சிறுமியும் ஓநாயும் படுத்திருக்கிறார்கள். ஓநாயின் தலையில் பாட்டியின் சுருக்கு வைத்த தொப்பி. சிறுமியின் கூந்தல் அவிழ்ந்து கிடக்கிறது. போர்வையை மார்புவரை இழுத்துப் பிடித்திருக்கிறாள். அவள் கண்கள் மட்டும் பக்கவாட்டில் ஓநாயின் பக்கம் திரும்பியிருக்கின்றன.

அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? அங்கேதான் டோரே நம்மை மாட்டிவிடுகிறார். முகத்தில் அலறல் இல்லை. ஏதோ சரியில்லை என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது, வாய்க்கு இன்னும் வரவில்லை. பாட்டி, உனக்கு ஏன் இவ்வளவு பெரிய பல் என்ற கடைசிக் கேள்விக்கு ஒரு மூச்சு முன்னால் நிறுத்திவிட்டார். பெரோவின் கதையில் வேட்டைக்காரன் வந்து வயிற்றைக் கிழித்துக் காப்பாற்றுவதெல்லாம் கிடையாது. ஓநாய் தின்றுவிடும், கதை முடிந்தது. அது தெரிந்து பார்த்தால் போர்வையைப் பிடித்திருக்கும் அந்தச் சின்னக் கை இன்னும் பாரமாகிவிடும்.

இதே கதைக்கு அவர் போட்ட காட்டுப் படமும் அப்படித்தான். ஓநாய் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. அதன் முகம் சிறுமிக்குத் தெரிகிறது, நமக்குத் தெரியாது. கதைப்படம் வரைபவர்கள் எல்லாரும் செய்யவேண்டிய முதல் தேர்வு இதுதான்: எந்த நொடியை வரைவது, யார் கண்ணிலிருந்து மறைப்பது. கோடு, வண்ணமெல்லாம் அதற்கு அப்புறம்.

மரத்தில் செதுக்கியதும் டோரேதானா?

இல்லை. இதைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். அக்காலத்தில் படத்தை எழுத்தோடு சேர்த்து அச்சடிக்க மரப் பிளாக் வேண்டும். பாக்ஸ்வுட் என்ற கெட்டியான மரத்தைக் குறுக்கே அறுத்து, வெட்டுமுகத்தை வழவழவென்று இழைத்து, அதன்மேல் செதுக்குவார்கள். அந்த மரம் பருமனாக வளராது. ஆகவே பெரிய படத்துக்குப் பல சின்னக் கட்டைகளை இறுக்கி ஒட்டவைக்க வேண்டும்.

டோரே அந்தக் கட்டையின் மேலேயே தூரிகையால் கறுப்பும் சாம்பலுமாக வரைந்து கொடுத்துவிடுவார். செதுக்குபவர் அந்தச் சாம்பல் நிறத்தைக் கோடுகளாக மாற்றவேண்டும். எங்கே நெருக்கமாக, எங்கே விட்டு விட்டு, எந்தப் பக்கம் வளைத்து என்பதெல்லாம் செதுக்குபவரின் முடிவு. செதுக்கச் செதுக்க மூல ஓவியம் தூளாக உதிர்ந்துபோகும். ஆக, நாம் இன்று 'டோரே படம்' என்று பார்ப்பது இரண்டு கைகளின் வேலை. படத்தின் கீழ் மூலையைக் கவனியுங்கள். ஒரு பக்கம் டோரே பெயரும், இன்னொரு பக்கம் செதுக்கியவரின் பெயரும் இருக்கும். பனேமேக்கர், பிசான் என்ற பெயர்களை அடிக்கடி காணலாம்.

பூட்ஸ் போட்ட பூனையின் ரோமத்தையும், அதன் இடுப்புப் பட்டையில் தொங்கும் எலிகளையும் பார்க்கும்போது யாரைப் பாராட்டுவது என்று எனக்கு இன்னும் குழப்பம்தான்.

வண்ணம் எப்போது வந்தது?

கையால் வண்ணம் தீட்டிய பிரதிகள் முன்பே உண்டு. அச்சிலேயே நல்ல வண்ணம் மலிவாக வந்தது எட்மண்ட் எவன்ஸ் என்ற லண்டன் அச்சகக்காரரால். 1860-களிலும் 70-களிலும் அவர் வால்டர் கிரேனோடு சேர்ந்து ஆறு பென்னி விலையில் மெல்லிய கதைப் புத்தகங்கள் போட்டார். முதலில் கறுப்புக் கோட்டுக்கு ஒரு பிளாக். அதில் ஒரு பிரதி எடுத்து ஓவியரிடம் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்வார். பிறகு ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனி மரப் பிளாக். பிளாக் கூடினால் செலவு கூடும். அதனால் தட்டையான வண்ணம், அழுத்தமான கோடு.

கிரேனுக்கு இந்தக் கட்டுப்பாடு வெல்லமாக இனித்திருக்கவேண்டும். கடற்படை நண்பர் ஒருவர் கொடுத்த ஜப்பானிய அச்சுப்படங்களைப் பார்த்து அவர் ஏற்கெனவே மயங்கியிருந்தார். அவையும் தட்டை வண்ணம், கெட்டிக் கோடுதான். அவருடைய தவளை இளவரசன் புத்தகத்தில் தரை ஓடு, நாற்காலி, உடைமடிப்பு என்று எதையும் விடாமல் அலங்காரம் செய்திருப்பார். எனக்கு அது கொஞ்சம் திகட்டும். தவளையைத் தேடிப் பிடிக்கவேண்டியிருக்கிறது.

1905 முதல் 1914 வரை 'பொற்காலம்' என்கிறார்களே, ஏன் குறிப்பாக அந்த ஆண்டுகள்?

காரணம் கேமராவும் கண்ணாடி ஸ்கிரீனும். ஹாஃப்டோன் முறையில் ஓவியத்தை நுண்கட்டம் போட்ட கண்ணாடி வழியாகப் படம்பிடித்தால் அது சிறியதும் பெரியதுமான புள்ளிகளாகப் பிரியும். வெவ்வேறு வடிகட்டி வைத்து மூன்று முறை பிடித்து, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மூன்று பிளாக் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்தால் வாட்டர்கலர் ஓவியம் கிட்டத்தட்ட அப்படியே தாளில் வந்துவிடும். நடுவில் செதுக்குபவர் இல்லை.

ஆனால் நுண்புள்ளிகள் விழ வழவழப்பான ஆர்ட் பேப்பர் தேவை. எழுத்து அச்சடித்த சொரசொரப்புத் தாளில் படம் சரியாக வராது. எனவே படங்களைத் தனியாக அச்சிட்டு, கெட்டியான பழுப்பு அல்லது பச்சை அட்டைத் தாளில் மேல் விளிம்பை மட்டும் ஒட்டி, முன்னால் ஒரு மெல்லிய டிஷ்யூ தாள் வைத்துக் கட்டினார்கள். சில பதிப்புகளில் அந்த டிஷ்யூவில்தான் படத்தின் தலைப்பு இருக்கும். அதைத் தூக்கிவிட்டு உள்ளே பார்ப்பது, திரையை விலக்குவது போன்ற ஒரு சின்னச் சடங்கு ஆகிவிட்டது. தாளின் குறையை மறைக்கச் செய்த ஏற்பாடு, ஆடம்பரத்தின் அடையாளமானது.

1905-இல் ஆர்தர் ராக்கம் வரைந்த 'ரிப் வான் விங்கிள்' என்ற அமெரிக்கக் கதை 51 வண்ணப் படங்களோடு வந்தது. கையெழுத்திட்ட சிறப்புப் பதிப்பு 250 பிரதிகள். கூடவே லண்டன் லெஸ்டர் கேலரியில் மூல ஓவியங்களின் கண்காட்சி. பிறகு ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் பருவத்துக்கு இப்படிப் 'பரிசுப் புத்தகம்' போடுவது பதிப்பாளர்களிடையே போட்டியானது. 1914-இல் போர் வந்தது. தாள், கூலி, வாங்குபவர்களின் மனநிலை எல்லாம் மாறிப்போயின.

ராக்கமின் படங்கள் ஏன் எப்போதும் பழுப்பாக, தேநீர் கொட்டிய மாதிரி இருக்கின்றன?

பழசானதால் என்று நினைக்காதீர்கள், புதிதாக இருந்தபோதும் அப்படித்தான். ராக்கம் 1867-இல் லண்டனில் பிறந்தவர். 18 வயதில் ஒரு தீ விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, மாலையில் லாம்பெத் கலைப்பள்ளியில் படித்தார். பிறகு பத்திரிகைகளுக்குக் கோட்டுப்படம் போட்டுப் பிழைத்தார். அதனால் அவருக்குக் கோடுதான் முதல். பென்சிலில் வரைந்து, அதன்மேல் நிப்பால் இந்தியன் இங்கில் கோடு போட்டு, காய்ந்தபின் மிக மெல்லிய வாட்டர்கலர் பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவார். ஒவ்வொரு பூச்சிலும் பழுப்பு அல்லது சாம்பல் சாயல் இருக்கும்.

இதில் ஒரு தொழில் சாமர்த்தியமும் உண்டு என்பது என் எண்ணம். மூன்று பிளாக்குகளும் துல்லியமாக ஒன்றின்மேல் ஒன்று உட்காராவிட்டால் வண்ணம் விலகிப் படம் கலங்கும். அடங்கிய நிறங்களும் நிறையக் கறுப்புக் கோடும் இருந்தால் அந்த விலகல் கண்ணில் உறுத்தாது. பளிச்சென்ற சிவப்பையும் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் அச்சகம் அவரைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

அவருடைய மரங்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வேர்கள் விரல்களாகி மண்ணைப் பற்றிக்கொண்டிருக்கும், கணுக்கள் மூக்காகும், பொந்து வாயாகும். எங்கே மரம் முடிகிறது, எங்கே கிழவன் தொடங்குகிறான் என்று கோடு போட்டுக் காட்டமாட்டார். கிரிம் கதைகளுக்கு அவர் இரண்டு முறை வரைந்தார். 1900-இல் வந்ததில் 99 கறுப்பு-வெள்ளைப் படங்கள். 1909-இல் அவற்றைத் திருத்தி, சேர்த்து, 40 வண்ணப் படங்களோடு மறுபடி வெளியிட்டார். கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1919, 1920-இல் வந்த சிண்ட்ரெல்லா, தூங்கும் அழகி புத்தகங்களில் முற்றிலும் வேறு வழி. பெரும்பாலும் கருநிழல் உருவங்கள். நம் தோல்பாவைக்கூத்துத் திரையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை உடனே ஒட்டிக்கொள்ளும்.

ராக்கம், டூலாக், நீல்சன் மூவரையும் எப்படி வேறுபடுத்திப் பார்ப்பது?

ராக்கமில் கோடு பேசும், டூலாக்கில் வண்ணம். நீல்சன் படத்தில் வெற்றிடத்தைப் பாருங்கள்.

எட்மண்ட் டூலாக் பிரான்சின் துலூஸ் நகரத்தில் 1882-இல் பிறந்தவர். சட்டம் படிக்கப் போய்ச் சலித்து ஓவியத்துக்கு வந்தார். லண்டனில் குடியேறி 1912-இல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றார். 1907-இல் அராபிய இரவுக் கதைகளுக்கு 50 வண்ணப் படங்கள் செய்தார். அந்த நேரத்துக்குள் அச்சுமுறை இன்னும் தேறியிருந்தது. ஆகவே கறுப்புக் கோட்டின் தயவு இல்லாமல் வண்ணத்தையே நம்பினார். அவருடைய இரவு நீலத்தில் பச்சை, ஊதா, சாம்பல் எல்லாம் அடுக்கடுக்காக இருக்கும். பாரசீகச் சிற்றோவியங்களை அவர் கூர்ந்து பார்த்ததும் தெரியும். பரிசுப் புத்தகச் சந்தை படுத்தபின் தபால்தலை வரைந்தார். 1937-இல் ஆறாம் ஜார்ஜ் முடிசூட்டு விழாத் தபால்தலை அவருடையதுதான்.

காய் நீல்சன் கோபன்ஹேகனில் 1886-இல் நாடகக் குடும்பத்தில் பிறந்தவர். அம்மா நடிகை, அப்பா நாடக இயக்குநர். அவருடைய படங்களில் மேடை வெளிச்சம் இருப்பது தற்செயல் இல்லை. நார்வேயின் நாட்டுப்புறக் கதைகளுக்காக 1914-இல் அவர் செய்த 25 வண்ணப் படங்கள்தான் உச்சம். நெட்டையான, எலும்பும் பட்டுமான மனிதர்கள். பக்கத்தின் பெரும்பகுதி வானம் அல்லது இருட்டு. வடகாற்று ஒரு பெண்ணைச் சுமந்து கடல்மேல் போகும் படத்தில் காற்றே ஒரு பிரம்மாண்ட உருவம், அவள் ஒரு துணுக்கு.

அவர் பிற்கால வாழ்க்கை வருத்தமானது. கலிபோர்னியாவுக்குப் போய் டிஸ்னியில் வேலை பார்த்தார். 1940-இல் வந்த 'ஃபேண்டேசியா' திரைப்படத்தின் இருண்ட மலைக் காட்சியில் அவர் கை இருக்கிறது. கடற்கன்னிக் கதைக்கு வரைந்து வைத்த மாதிரிப் படங்கள் பெட்டிக்குள் போயின. அந்தக் கதை 1989-இல் திரைப்படமாக வந்தபோது அவர் பெயரையும் போட்டார்கள். ஆனால் அவர் 1957-இலேயே வறுமையில் இறந்துவிட்டார்.

ருஷ்யாவின் பிலிபின் ஏன் இவர்களைப்போல இல்லை?

இவான் பிலிபினின் கதைப் புத்தகங்களை வெளியிட்டது யார் தெரியுமா? ருஷ்ய அரசின் பணத்தாளும் பத்திரமும் அச்சடிக்கும் துறை! 1901 முதல் பெரிய அளவில் மெல்லிய புத்தகங்களாக வந்தன. நோட்டு அடிக்கும் இடத்தில் கோடு பிசகலாமா? பிலிபின் படங்களில் கோடு அப்படித்தான் இருக்கும். நிப்புக்குப் பதில் கூர்மையாக வெட்டிய தூரிகையால், ஒரே தடிமனில், கம்பி வளைத்த மாதிரி கோடு இழுப்பார். அதனுள் தட்டையான வாட்டர்கலர். நண்பர்கள் அவரை 'உறுதியான கை இவான்' என்று கூப்பிட்டார்களாம்.

வாசிலிசா என்ற சிறுமியின் கதைக்கு அவர் வரைந்ததில் ஒரு படத்தைப் பாருங்கள். சூனியக்கிழவி பாபா யாகாவின் வேலிக்கு வெளியே இருட்டில் வாசிலிசா நிற்கிறாள். கையில் ஒரு கழி, அதன் நுனியில் மண்டையோடு, மண்டையோட்டின் கண்ணில் நெருப்பு. படத்தைச் சுற்றி நாட்டுப்புற எம்பிராய்டரியிலிருந்தும் மரவேலைப்பாட்டிலிருந்தும் எடுத்த கரை. நம் பட்டுப்புடவைக் கரைமாதிரி, அது இல்லாவிட்டால் படம் பாதிதான்.

1902 முதல் 1904 வரை வோலோக்டா, ஆர்க்காங்கெல்ஸ்க் போன்ற வடபகுதிகளில் சுற்றி மரக்கோயில்களையும் துணிகளையும் பதிவுசெய்தார். புரட்சிக்குப் பின் எகிப்து, பாரிஸ் என்று அலைந்து 1936-இல் லெனின்கிராட் திரும்பினார். 1942 பிப்ரவரியில், ஜெர்மானிய முற்றுகையின் பட்டினிக் காலத்தில் அங்கேயே இறந்தார்.

என் வயதுக்காரர்கள் சிலர் பிலிபினைப் பார்த்ததும் 'எங்கேயோ பார்த்திருக்கிறேனே' என்பார்கள். மாஸ்கோவின் ராதுகா, முன்னேற்றப் பதிப்பகங்களின் தமிழ்ப் புத்தகங்களை நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் வாங்கிப் படித்த தலைமுறை அது. பல ஓவியர்கள் வரைந்த புத்தகங்கள் அவை. ஆனால் அந்தக் கெட்டிக் கோடும் கரை அலங்காரமும் ஒரே குடும்பச் சாயல்.

ஸ்வீடனின் யோன் பௌவெரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள்.

பாசி பிடித்த பாறைபோன்ற பூதங்கள், பக்கத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சம்போல ஒரு சிறுமி. இதுதான் பௌவெர். 1907 முதல் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு வந்த ஒரு கதைத் தொகுப்புக்கு வரைந்தார். 1913-இல் வந்த, குளக்கரையில் குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கும் இளவரசியின் படம் ஸ்வீடன் வீடுகளில் எங்கும் உண்டு.

1918 நவம்பரில், 36 வயதில், மனைவியோடும் சின்னப் பையனோடும் வெட்டெர்ன் ஏரியில் நீராவிப் படகு மூழ்கி இறந்தார். சில வாரங்களுக்கு முன்புதான் அந்நாட்டில் பெரிய ரயில் விபத்து நடந்திருந்தது. ரயிலுக்குப் பயந்து படகில் ஏறியிருந்தார்.

பௌவெருக்குப் பின் அந்தத் தொகுப்புக்கு வரைந்த குஸ்தாஃப் டெங்கிரன் அமெரிக்கா போய், 1937-இல் வந்த டிஸ்னியின் 'ஸ்னோ வைட்' திரைப்படத்துக்கு வேலை செய்தார். ஸ்னோ வைட் ஓடும் காட்டில் மரக்கிளைகள் கையாக நீளுமே, அதன் வேர் எங்கே என்று இப்போது தெரிந்திருக்கும்.

இவ்வளவு பயங்கரப் படங்களைக் குழந்தைகளுக்குக் காட்டலாமா?

குழந்தையைப் பொறுத்தது. என் அனுபவத்தில் பிள்ளைகள் ஓநாயைப் பார்த்துப் பயப்படுவதைவிட, பெரியவர்கள் பக்கத்தை அவசரமாகப் புரட்டும்போதுதான் அதிகம் பயப்படுகிறார்கள். மூன்று வயதுக்கு டோரே வேண்டாம், கிரேன் போதும். ஏழெட்டு வயதில் அவர்களே பாபா யாகாவைத் தேடி வருவார்கள்.

இன்னொன்று, பரிசுப் புத்தகங்களில் பல குழந்தை கைக்குப் போகவே இல்லை. விலையும் கனமும் அப்படி. வரவேற்பறை மேசையில் பெரியவர்கள் புரட்டத்தான் அவை.

இந்தியாவுக்கும் இந்தப் படங்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, இரண்டு விதத்தில். லால் பிஹாரி டே தொகுத்த வங்காள நாட்டுப்புறக் கதைகளுக்கு 1912-இல் வார்விக் கோபிள் என்ற ஆங்கிலேயர் 32 வண்ணப் படங்கள் வரைந்தார். அழகான படங்கள். ஆனால் அந்தப் பெண்கள் வங்காளத்துக்கும் ஜப்பானுக்கும் நடுவில் எங்கோ வாழ்பவர்கள்போலத் தோன்றுவார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் அவர் ஜப்பானியக் கதைகளுக்கு வரைந்திருந்தார், கை இன்னும் மாறவில்லை.

இன்னொன்று இதைவிட முக்கியம். கல்கத்தாவில் உபேந்திரகிஷோர் ராய் சவுத்ரி, சத்யஜித் ராயின் தாத்தா, 1890-களிலேயே ஹாஃப்டோன் கருவிகளை இங்கிலாந்திலிருந்து வரவழைத்துத் தானே சோதனை செய்தார். அவருடைய ஆய்வுக் கட்டுரைகள் லண்டனில் வந்த, அச்சுத்தொழிலுக்கான பென்ரோஸ் ஆண்டு மலரில் வெளிவந்தன. குழந்தைக் கதையும் எழுதி, படமும் வரைந்து, பிளாக்கும் தானே எடுத்தவர் அவர்.

நம் பக்கம் 1947 ஜூலையில் சென்னையில் தொடங்கிய அம்புலிமாமாவைச் சொல்லவேண்டும். வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வாளோடு சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்த சங்கர் (கே. சி. சிவசங்கரன், 1924–2020) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். அந்தப் படத்திலும் கவனியுங்கள்: வேதாளம் இன்னும் கதையைச் சொல்லி முடிக்கவில்லை.

பழைய பதிப்பின் படமா, மறுபதிப்பா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய பொருள் வியாபாரி '1909 புத்தகத்திலிருந்து எடுத்தது' என்று ஒரு ராக்கம் படத்தைச் சட்டம் போட்டு விற்றார். ஓரமெல்லாம் மஞ்சள் பூத்து அசலாகவே இருந்தது. வீட்டுக்கு வந்து சட்டத்தைக் கழற்றி, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். படத்தில் புள்ளிகள் இருந்தன. அதில் தப்பில்லை, பழைய ஹாஃப்டோனிலும் புள்ளி இருக்கும். ஆனால் ஓரத்து மஞ்சளிலும் புள்ளி! தாள் பழுக்கவில்லை, பழுப்பை அச்சடித்திருந்தார்கள். பழைய பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்து, இக்கால ஆஃப்செட் அச்சில் போட்டது அது. அந்தப் படம் இன்னும் என் சுவரில் இருக்கிறது, புத்திக்கொள்முதல் கணக்கில்.

எனவே முதலில் படத்துக்கு வெளியே உள்ள வெற்றுத் தாளை லென்ஸில் பாருங்கள். புள்ளி இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்து, படம் அச்சான தாள் வழவழப்பாக இருக்கிறதா, அட்டைத் தாளில் மேல் விளிம்பு மட்டும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். முழுப் புத்தகம் வாங்கினால் முன்பக்கத்தில் உள்ள படப்பட்டியலோடு ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபாருங்கள். லேசாக ஒட்டிய படங்கள் ஆனதால் ஒன்றிரண்டை யாராவது உரித்து விற்றிருப்பார்கள்.

இந்தப் படங்களை என் புத்தகத்திலோ அட்டையிலோ பயன்படுத்தலாமா?

இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள்வரை பதிப்புரிமை உண்டு. டோரே, கிரேன், பௌவெர் பற்றிக் கவலையே வேண்டாம். 1939-இல் இறந்த ராக்கமின் படங்களும் பொதுச்சொத்துதான்; 1953-இல் இறந்த டூலாக்குடையவை 2014-லிலும், நீல்சனுடையவை 2018-லிலும் பொதுச்சொத்தாகிவிட்டன. வெளிநாட்டில் விற்பதானால் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பார்க்கவேண்டும். கதையின் தமிழ் மொழிபெயர்ப்புக்கு உரிமை தனி, அதை மறந்துவிடாதீர்கள்.

நானும் இப்படி வரையவேண்டும். எங்கே தொடங்குவது?

உங்களுக்கு மனப்பாடமான ஒரு கதையை எடுங்கள். அதில் வரையத் தோன்றும் ஐந்து நொடிகளை எழுதி, எல்லாரும் வரைந்துவிட்ட இரண்டை அடித்துவிடுங்கள். மீதியில் ஒன்றை எடுத்து, அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடந்துகொண்டிருந்தது என்று யோசித்து, அதை வரையுங்கள்.

மைப்பேனா நிப்பும் இந்தியன் இங்கும் வாங்குங்கள். முதல் மாதம் மரம் மட்டும் வரையலாம். ராக்கமைப் பார்த்து எழுதவேண்டாம், பக்கத்துத் தெரு ஆலமரத்தடியில் உட்காருங்கள். விழுதும் வேரும் அவருக்குக் கிடைத்ததைவிட உங்களுக்கு அதிகம் கிடைக்கும். வண்ணத்துக்கு வந்தால் மூன்று டப்பா போதும்: ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, ஒரு நீலம். தாள் மட்டும் நல்லதாக, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ளதாக இருக்கட்டும். மெல்லிய தாளில் நாலாவது பூச்சுக்குள் மேடும் பள்ளமுமாகிவிடும், பிறகு இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு அலையவேண்டியதுதான்.